இரண்டு ஓ.பி. சீட்டுகள்

2016 ஜூலை. குன்னூர்ப் பக்கம் அந்த மாதத்துக் குளிர் எலும்பில் இறங்கும். இளங்கலைத் தமிழ் முதலாண்டில் என்னிடம் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி பத்து நாட்களாக வகுப்புக்கு வரவில்லை. பதினோராம் நாள் வந்தாள், அம்மாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு. துறை அறையின் வெளியே பெஞ்சில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். பையனுக்கு ஏழு வயது என்றார்கள். பார்த்தால் ஐந்துக்கு மேல் சொல்ல முடியாது. இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தான். கண்ணின் வெள்ளை, வெள்ளையாக இல்லை. பழைய காகிதம்போல் மஞ்சள் ஓடியிருந்தது.

அம்மா ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து இரண்டு ஓ.பி. சீட்டுகளை எடுத்து என் கையில் கொடுத்தார். ஒன்றில் இதய வால்வுக் கோளாறு இருக்கலாம் என்றும், 21 நாளைக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடவேண்டும் என்றும் எழுதியிருந்தது. மற்றதில் வலிப்பு; இரவு ஒரு மாத்திரை. இரண்டும் ஒரே ஆஸ்பத்திரியின் சீட்டுகள், வேறு வேறு கிழமைகளில் வேறு வேறு அறைகளில் எழுதப்பட்டவை. ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தவர் அந்த உறையைச் சுமந்துகொண்டிருந்த அம்மா மட்டும்தான்.

“ஒரு புள்ளைக்கு ரெண்டு நோவுங்க டீச்சரம்மா. எந்த நோவுக்கு எந்த நாளு லீவு கேக்கறதுன்னே தெரியலீங்க.”

இருளர் குடும்பம். பெற்றோர் இருவரும் தேயிலைத் தோட்டத்தில் நாள்கூலிகள். மஸ்டர் ரோலில் பெயர் கிடையாது. வேலைக்குப் போன நாளுக்குக் கூலி, போகாத நாளுக்கு ஒன்றுமில்லை. மாணவி கேட்டுக்கொண்டபடி பெயரையும் ஊரையும் எழுதவில்லை. அவள் என்னைத் தேடி வந்தது சின்ன உதவிக்குத்தான்: கோயம்புத்தூரில் பெரிய டாக்டர் யாரையாவது எனக்குத் தெரியுமா என்று கேட்க. எனக்கு யாரையும் தெரியாது. என்னோடு விடுதியில் படித்த தோழியின் தங்கை குழந்தை மருத்துவம் படித்திருந்தாள். அவளிடம் அழைத்துப்போனேன்.

அந்தப் பெண் ஸ்டெதாஸ்கோப்பை எடுக்கவே இல்லை. முதலில் அம்மாவிடம் கேள்விகள் கேட்டாள். கைக்குழந்தையாக இருந்தபோது கையும் காலும் புசுபுசுவென்று வீங்கியதா? ஆமாம், ஒன்பதாம் மாதம். குளிர்காலத்தில் கைகால் வலி என்று அழுவானா? அழுவான், ராத்திரி முழுக்க. கண் எப்போதும் இப்படியா? எப்போதும்; மூன்று தடவை காமாலைக்குக் கீழாநெல்லி கொடுத்தாயிற்று. வலிப்பு வரும்போது முதலில் எது இழுக்கும்?

“வலது கைங்க. எப்பவும் வலது கைதான் மொதல்ல. அப்புறம் வாய் கோணும். நின்னப்புறம் ரெண்டு நாளைக்கு அந்தக் கையில டம்ளர் நிக்காதுங்க.”

இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று நான் கேட்டேன். அந்தக் கேள்விக்காக இன்றும் வெட்கப்படுகிறேன். “யாரும் கேக்கலீங்களே” என்றார்.

ரத்தப் பரிசோதனை மூன்றாம் நாள் வந்தது. சிக்கிள் செல் அனீமியா. தமிழில் அரிவாள் செல் சோகை என்று எழுதுகிறோம். இதயத்துக்கு ஒன்று, மூளைக்கு ஒன்று என்று இரண்டு நோய்கள் அந்தப் பையனுக்கு இல்லை. ஒரே நோய்தான் ரத்தத்தில் இருந்துகொண்டு இரண்டு இடத்தில் கதவைத் தட்டியிருக்கிறது.

அது எப்படி என்று புரிந்துகொள்ள எனக்குப் பல மாதங்கள் ஆயின. தமிழ் படித்தவளுக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். நம் ரத்தச் சிவப்பணு வட்டமானது, வளைந்து கொடுப்பது. அதனால் மயிரிழை போன்ற குழாய்க்குள்ளும் நுழைந்து போய்விடும். அதனுள்ளே பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் ஒரே ஒரு எழுத்துப்பிழை நேர்ந்தால், பிராணவாயுவை இறக்கிவிட்ட கணத்தில் அணு விறைத்து அரிவாள்போல் வளைகிறது. வளைந்த அணுக்கள் குழாய்களில் சிக்கி அடைத்துக்கொள்கின்றன. எங்கே அடைக்கிறதோ அங்கே வலி. குளிர் அதைக் கூட்டும், காய்ச்சல் கூட்டும், தண்ணீர் குறைந்தால் கூட்டும். நல்ல சிவப்பணு 120 நாள் வாழும். இது இருபது நாள்கூடத் தாங்காது. உடைந்த அணுக்களின் கழிவுதான் கண்ணில் தெரிந்த மஞ்சள். அணுக்கள் உடைந்துகொண்டே இருப்பதால் ரத்தம் எப்போதும் பற்றாக்குறை. இருக்கிற கொஞ்சத்தை வைத்து உடம்பு முழுக்கச் சமாளிக்க இதயம் வேகமாக, கூடுதலாக இறைக்கிறது. வருடக்கணக்கில் இறைத்து இறைத்துப் பெரிதாகிறது. அப்போது ஸ்டெதாஸ்கோப்பில் ஒரு கூடுதல் ஓசை கேட்கும். மூட்டுவலி, காய்ச்சல், இதயத்தில் ஓசை மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறவர் இதை மூட்டுவாதக் காய்ச்சலால் வந்த வால்வு நோய் என்று நினைப்பது உலகமெங்கும் நடந்திருக்கிற பிழை. மருத்துவப் புத்தகங்களே எச்சரிக்கிற பிழை. மூளைக்குப் போகும் பெரிய குழாய்கள் மெல்ல மெல்லச் சுருங்குவது இன்னொரு பக்கம். ஒருநாள் ரத்தம் போய்ச்சேராத பகுதி செயலிழக்கிறது. முதியவர்களுக்கு வரும் என்று நாம் நினைக்கிற பக்கவாதம் ஏழு வயதில் வருகிறது. அதன் முதல் அடையாளம் பல குழந்தைகளிடம் வலிப்புதான். வலது கை முதலில் இழுத்தால் மூளையின் இடப்பக்கம் அடிபட்டிருக்கிறது. அம்மா அதை இரண்டு வருடமாகக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வேடிக்கை. தவறான நோய்க்காகப் போடப்பட்ட அந்தப் பென்சிலின் ஊசி, சரியான நோய்க்கும் கொஞ்சம் உதவியிருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு.

வலிப்பு என்ற சொல்லை நான் வகுப்பில் பலமுறை விளக்கியிருக்கிறேன். வலித்தல் என்றால் இழுத்தல், துடுப்பு வலிக்கிறோம். பழந்தமிழில் வலி என்றால் வலிமை. நோவு என்ற பொருள் அதன்மேல் வந்து குடியேறியது. இழுப்பு, நோவு, பலம் மூன்றும் ஒரே வேரில். குழந்தைக்கு வலிப்பு வந்தால் ஊரில் இந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார்கள். “சீர் தட்டிருச்சு” என்பார்கள், “தோஷம்” என்பார்கள். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பார்கள். ஆய்வுக்காலத்தில் நான் பாலவாகடச் சுவடிகளை அச்சிட்ட நூல்களைப் படித்ததுண்டு. குழந்தை நோய்களை மாந்தம், கணம், தோஷம் என்று நுட்பமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்த நுட்பத்தை மதிக்கிறேன். ஆனால் காரணம் சொல்லும் இடங்களைக் கவனித்துப் படித்தால் ஒரு ஒழுங்கு தெரியும். தாய் தின்றது, தாயின் பால் கெட்டது, கர்ப்பிணி கடந்த இடம், தீட்டுள்ளவள் நிழல், தலைக்குமேல் பறந்த பட்சி. பட்சியைத் தவிர மற்றதெல்லாம் பெண் உடம்பு. பட்சிகூட அந்தி நேரத்தில் பிள்ளையை வெளியே கொண்டுவந்தவள் தலையில்தான் வந்து இறங்கும்.

இந்த அம்மாவையும் விட்டுவைக்கவில்லை. கர்ப்பமாக இருந்தபோது மருந்தடித்த தேயிலையில் கொழுந்து பறித்ததால் என்றார் ஒருவர். அவள் வழியில் யாருக்கோ இருந்தது என்றார் மாமியார். அறிவியல் இந்தப் பேச்சை 1949இலேயே முடித்துவைத்துவிட்டது. அந்த வருடம் அமெரிக்காவில் ஜேம்ஸ் நீல் என்ற மரபியலாளர், நோயுள்ள குழந்தைகளின் பெற்றோரைப் பரிசோதித்து, அப்பா அம்மா இருவரிடமிருந்தும் ஆளுக்கொரு மரபணு வந்தால்தான் இந்த நோய் வரும் என்று காட்டினார். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் குழந்தை சுமப்பவர், நோயாளியல்ல. இருவரும் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு வாய்ப்பு. அப்பாவின் பங்கு மிகச் சரியாகப் பாதி. 67 வருடம் கழித்து, கோயம்புத்தூர்ப் பேருந்தில் இந்தப் பாதியை நான் சொன்னபோது அந்த அம்மா வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பர்லியாறு தாண்டியபிறகு, “இத நீங்களே அவுங்கப்பன்கிட்டச் சொல்லீருங்க” என்றார்.

இந்த நோய் மருத்துவ ஏட்டில் ஏறியது 1910இல். சிகாகோவில் ஜேம்ஸ் ஹெரிக் என்ற மருத்துவர், கிரெனடா தீவிலிருந்து பல்மருத்துவம் படிக்க வந்திருந்த வால்டர் கிளமென்ட் நோயெல் என்ற கறுப்பின இளைஞரின் ரத்தத்தில் அரிவாள் வடிவ அணுக்களைப் பார்த்ததாக எழுதினார். அவற்றை நுண்ணோக்கியில் முதலில் கவனித்தவர் பயிற்சி மருத்துவர் எர்னஸ்ட் அயன்ஸ். ஹெரிக் இதய மருத்துவத்தில் பெயர் பெற்றவர். அந்த இளைஞருக்கும் மூச்சிரைப்பும் படபடப்பும் இருந்தன. நோயெல் படிப்பை முடித்து ஊர் திரும்பி, 1916இல் தம் 32ஆம் வயதில் இறந்தார். பிறகு பல பத்தாண்டுகள் இதைக் கறுப்பு ரத்தத்தின் நோய் என்றே சொல்லிவந்தார்கள்.

அந்த வரலாற்றில் பெண்கள் நுழையும் இடங்கள் எனக்கு முக்கியமானவை. 1948இல் நியூயார்க் புரூக்ளினில் ஜேனட் வாட்சன் என்ற குழந்தை மருத்துவர், இந்த நோயுள்ள பச்சிளங் குழந்தைகளின் ரத்தத்தில் அரிவாள் அணுக்கள் மிகக் குறைவாக இருப்பதைக் கவனித்தார். கருவில் இருக்கும்போது ஓடுகிற வேறுவகை ஹீமோகுளோபின்தான் அவர்களைக் காக்கிறது என்றார். ஆறு மாதம்வரை தெம்பாக இருந்த பிள்ளை திடீரென்று வாடுவதற்கு விளக்கம் அதுதான். கண்பட்டது என்று நம் ஊரில் சொல்வதற்கும் அதுவே விளக்கம். இன்று தினமும் விழுங்குகிற ஹைட்ராக்சியூரியா மாத்திரை செய்கிற வேலை, அந்தக் கருக்கால ஹீமோகுளோபினை மறுபடி கூட்டுவது.

இன்னொருவர் மெரிலின் காஸ்டன். கறுப்பினப் பெண் மருத்துவர். 1964இல் பிலடெல்பியாவில் பயிற்சி மருத்துவராக இருந்தபோது கை வீங்கிய ஒரு குழந்தை அவரிடம் வந்தது. அடிபட்ட அடையாளம் இல்லை. மூத்த மருத்துவர் சிக்கிள் செல் பார்த்தாயா என்று கேட்டபிறகுதான் அவருக்குத் தோன்றியது. தனக்குத் தோன்றவில்லையே என்ற குறை அவரை விடவில்லை. இந்நோயில் மண்ணீரல் சீக்கிரமே கெட்டுப்போவதால் சாதாரணக் கிருமிகூடச் சில மணிநேரத்தில் குழந்தையைக் கொன்றுவிடும். 1986இல் அவர் தலைமையில் வெளியான ஆய்வு 215 குழந்தைகளிடம் நடந்தது. தினம் இருவேளை பென்சிலின் கொடுத்தால் அந்தத் தொற்று 84 விழுக்காடு குறைகிறது என்று தெரிந்ததும், மற்றக் குழந்தைகளுக்குக் கொடுக்காமல் இருப்பது தவறு என்று ஆய்வை எட்டு மாதம் முன்னதாகவே நிறுத்திவிட்டார்கள். நம் பையன் பெற்ற தற்செயல் ஊசியின் கதை இதுதான். வேறு மருந்து, வேறு அளவு. ஆனாலும் ஏதோ காப்பு.

இனி மலைக்கு வருகிறேன். எனக்கு இதில் மிகவும் உறுத்துவது அமெரிக்கா அல்ல.

இந்தியாவில் இந்த அரிவாள் அணு முதன்முதலில் கண்டறியப்பட்ட இடங்களில் ஒன்று நீலகிரி. ஆண்டு 1952. ஹெர்மன் லேமன் என்ற ஆய்வாளரும் மேரி கட்புஷ் என்ற ஆஸ்திரேலிய ரத்தவியலாளரும் நீலகிரிப் பழங்குடிகளிடம் ரத்தம் எடுத்துச் சோதித்து, பணியர், இருளர், குறும்பர்களிடம் இந்த மரபணு அதிகம் இருப்பதை பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். லேமன் நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பித்து வந்த யூதர். கட்புஷ் அதற்கு இரண்டு வருடம் முன்பு டஃபி என்ற ரத்தவகையைக் கண்டறிந்த குழுவில் இருந்த பெண். தம் துறையில் பெண்கள் விரல்விட்டு எண்ணுமளவு இருந்த காலத்தில் பெயர் பதித்தவர். நான் பெருமைப்பட வேண்டிய வரி அது. பெருமைப்படத்தான் பார்க்கிறேன். ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி என்ன? இந்த மக்கள் எந்த இனம், ஆப்பிரிக்காவுக்கும் இவர்களுக்கும் உறவு உண்டா, ஒரே மரபணு இரண்டு கண்டத்துக்கு எப்படி வந்தது. அது அந்தக் காலத்து அறிவுலகின் கேள்வி. ரத்தம் கொடுத்த பெண்களின் பிள்ளைகள் எத்தனை பேர் ஐந்து வயது தாண்டினார்கள் என்பது அந்தக் கேள்வியில் இல்லை.

அதே 1952இல் மேல் அசாமின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் இந்த நோய் இருப்பதை டன்லப், மஜும்தார் என்ற இரு மருத்துவர்கள் எழுதினார்கள். ஒரே வருடம், நாட்டின் இரு முனைகள், இரண்டிலும் தேயிலை மலை. தேயிலைக்கும் இந்த அணுவுக்கும் இயற்கையில் எந்தத் தொடர்பும் இல்லை. தொடர்பு உழைப்பு வழியாக வருகிறது, அதற்கும் முன்னால் மலேரியா வழியாக.

1954இல் அந்தோணி ஆலிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் காட்டியது: இந்த மரபணு ஒன்றை மட்டும் சுமப்பவர்களை மலேரியா எளிதில் கொல்வதில்லை. மலேரியா மண்டிய நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களிடம் அது தங்கிவிடுகிறது. இப்போது கூடலூரை நினைத்துப்பாருங்கள். 1877வரை அது மலபாரின் தென்கிழக்கு வயநாடு. அந்த வருடம்தான் நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. 1880ஐ ஒட்டி தேவாலா, பந்தலூர்ப் பக்கம் தங்கம் தேடி வெள்ளைக்காரக் கம்பெனிகள் குவிந்தன. சில வருடங்களில் கையைச் சுட்டுக்கொண்டு காணாமல் போயின. வயநாட்டுக் காய்ச்சலுக்குப் பயந்து வெளியார் தங்க அஞ்சிய பள்ளத்தாக்கு அது. அங்கே வயலில் நின்றவர்கள் பணியர்கள். பணி செய்பவர் என்பதே பெயர். வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் ஒரு வருட உழைப்புக்கு நெல்லும் துணியும் பேசி ஜன்மிகள் அவர்களைப் பிடித்துக்கொண்ட வழக்கத்தை வரலாறு எழுதிவைத்திருக்கிறது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது 1976இல்.

சுதந்திரத்துக்குப் பின் டி.டி.டி. வந்தது. 1953இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. காய்ச்சல் இறங்கியது, நிலத்தின் விலை ஏறியது. காடு தோட்டமாயிற்று. மலேரியாவோடு வாழக் கற்ற உடம்புகள் மட்டுமே நின்ற நிலம், மலேரியா போனதும் அந்த உடம்புகளுக்கு இல்லாமல் போனது. காப்பு தேவையற்றுப்போனது, அதன் விலையை மட்டும் குழந்தைகள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இதை எழுதும்போது என்னையும் சேர்த்தே எழுதுகிறேன். நான் குடியிருக்கும் வீட்டின் பின்சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்பது தேயிலை.

தோட்டங்களில் மருத்துவமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1951ஆம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டம் டிஸ்பென்சரி, ஆஸ்பத்திரி, 50 பெண்களோ அதற்குமேலோ வேலைசெய்தால் பிள்ளைக் காப்பகம் எல்லாவற்றையும் சொன்னது. குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட உபாசி, தென்னிந்தியத் தோட்ட முதலாளிகள் சங்கம், 1971இல் நீலகிரியின் மூன்று தேயிலைத் தோட்டங்களில் ஒரு திட்டம் தொடங்கியது. கர்ப்பமாகாத ஒவ்வொரு மாதத்துக்கும் பெண் தொழிலாளி பெயரில் 5 ரூபாய் கணக்கில் சேரும். பிள்ளைப்பேற்று வயது கடந்தபிறகு மொத்தமாகக் கிடைக்கும். இரண்டுக்குமேல் பிள்ளை பிறந்தால் தொகை பிடிக்கப்படும். பிறவாமைக்கு போனஸ். உலக மக்கள்தொகை இதழ்களில் இது பெரிதாகப் பேசப்பட்டது. திட்டத்தை வகுத்தவர்கள் ஒன்றைச் சரியாகவே புரிந்திருந்தார்கள்: பிறந்த பிள்ளை பிழைக்கும் என்று நம்பினால்தான் பெண் அடுத்த பிள்ளையை வேண்டாம் என்பாள். அதனால் தோட்டங்களில் குழந்தை நலப் பணிகளும் கூடவே நடந்தன. அதில் உண்மையான பலன்களும் உண்டு. ஆனால் பெண்ணின் கருப்பை மாதாமாதம் பேரேட்டில் ஏறியது, அவள் பிள்ளையின் ரத்தம் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. மஸ்டர் ரோலில் பெயரில்லாத ஆதிவாசி நாள்கூலிப் பெண்ணுக்கோ இரண்டு ஏடும் கிடையாது. சிக்கிள் செல் குழந்தை இறந்தால் சொல்லப்படும் காரணம் காய்ச்சல், அல்லது சோகை, அல்லது ஜன்னி.

மரபணு கண்டறியப்பட்ட 1952க்கும், பிள்ளைகளுக்கு வைத்தியம் என்று ஒன்று இந்த மலையில் ஒழுங்காகத் தொடங்கியதற்கும் இடையே முப்பத்தைந்து, நாற்பது வருடங்கள். 1980களின் நடுவில் கூடலூரில் அக்கார்டு அமைப்பு ஆதிவாசி நில உரிமைக்காக வேலைசெய்ய வந்தது. நில உரிமைக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் பிரசவத்தில் செத்துப்போகிறார்கள், பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் போகிறார்கள் என்று கண்டு ரூபா, தேவதாசன் என்ற மருத்துவத் தம்பதி கிராமச் சுகாதாரப் பணியைத் தொடங்கினார்கள். 1990இல் அஸ்வினி அமைப்பும் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையும் வந்தன. மருத்துவர்கள் ஷைலா, நந்தகுமார் சேர்ந்தார்கள். இந்த மருத்துவர் பெயர்கள் ஓரளவு வெளியே தெரிந்தவை. நான் நிறுத்திச் சொல்ல விரும்புவது பெயர் தெரியாத மற்றவர்களை. பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் ஊர்களிலிருந்து இளம்பெண்களை எடுத்துச் செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்சி கொடுத்தார்கள். பள்ளியில் அதிகம் படிக்காத பெண்கள் அவர்களில் உண்டு. நுண்ணோக்கி பார்த்தார்கள், பிரசவம் பார்த்தார்கள், ஊர் ஊராக நடந்து யார் வீட்டுப் பிள்ளைக்குக் கண் மஞ்சள், யாருக்கு மூட்டுவலி என்று எழுதினார்கள்.

இந்த நோய்க்கு இது ஏன் பெரிய விஷயம் என்றால், சிக்கிள் செல் வலிக்கு வெளியே தெரியும் காயம் இல்லை. எக்ஸ்ரே பெரும்பாலும் ஒன்றும் சொல்லாது. சொல்கிறவளை நம்பினால்தான் நோய் உண்டு. வேலைக்குச் சோம்பல்படுகிற ஜாதி என்று முதலாளி பேசிய காலத்தில், வலிக்கிறது என்று சொன்ன பணியப் பெண்ணை நம்ப அவள் மொழி பேசும் இன்னொரு பணியப் பெண் செவிலியாக எதிரே உட்காரவேண்டியிருந்தது. இந்தியாவில் காணும் வகை ஆப்பிரிக்க வகையைவிட மிதமானது என்று ஆய்வுகள் சொல்லும். கருக்கால ஹீமோகுளோபின் கூடுதலாக இருப்பதால் அது பலருக்கு உண்மையும்கூட. ஆனால் மிதம் என்ற சொல் யாருடைய வாயிலிருந்து வருகிறது என்று பார்க்கவேண்டும்.

எங்கள் பையனுக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்றினார்கள். பக்கவாதம் ஒருமுறை வந்த குழந்தைகளில், ரத்தம் ஏற்றாமல் விட்டால் பாதிக்கு மேற்பட்டோருக்கு மறுபடி வரும் என்பதால். ஃபோலிக் அமில மாத்திரை, பிறகு ஹைட்ராக்சியூரியா. வால்வில் கோளாறு எதுவும் இல்லை என்று எக்கோவில் தெரிந்தது; இதயம் பெரிதாகியிருந்தது, அவ்வளவுதான். வலிப்பு மாத்திரை மூன்று வருடம் தொடர்ந்தது. வலது கையில் எழுத வராமல் இடது கைக்கு மாறினான். பள்ளியில் பீச்சாங்கை என்று அடிவாங்கி, அக்கா போய்ச் சண்டை போட்டாள். பிறக்கும் முன்பே எல்லாம் தெரிந்திருந்தால், மண்டை வழியாக ஸ்கேன் வைத்து மூளைக் குழாயில் ரத்தவேகத்தை வருடம் ஒருமுறை அளந்திருந்தால், அந்தக் கை தப்பியிருக்கும். 1998இல் வந்த ஆய்வு ஒன்று, அப்படி அளந்து ஆபத்துள்ள குழந்தைகளுக்கு முன்கூட்டியே ரத்தம் ஏற்றினால் முதல் பக்கவாதத்தைப் பத்தில் ஒன்பது பங்கு தடுக்கலாம் என்று காட்டியது. அவன் பிறப்பதற்குப் பதினொரு வருடம் முன்பு.

இந்தப் பத்து வருடத்தில் அம்மா இழந்த கூலியை ஒருநாள் நானும் மாணவியும் கணக்குப் போட்டோம். மாதம் மூன்று நாள், சில மாதம் பத்து. பஸ் காசு தனி. பாதியில் அம்மா வந்து, “இதெல்லாம் எண்ணுனா புள்ளைய எண்ணுன மாதிரி” என்று தாளை வாங்கி மடித்து அடுப்பங்கரை மேட்டில் வைத்துவிட்டார். அதனால் அந்த எண் என்னிடம் இல்லை.

2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோல் நகரில் பிரதமர் தேசிய சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 2047க்குள் ஒழிப்பு, அதற்காகப் பழங்குடிப் பகுதிகளில் 40 வயதுவரை உள்ள 7 கோடிப் பேருக்குப் பரிசோதனை. பரிசோதித்தவர்களுக்கு அட்டை. ஆண் அட்டையையும் பெண் அட்டையையும் சேர்த்துப் பார்த்தால் பிள்ளைக்கு என்ன வரும் என்று தெரியும். இத்தனை வருடம் யாரும் எடுக்காத கணக்கை அரசு எடுப்பது நல்லதுதான்; நான் எதிர்க்கவில்லை. ஜாதகப் பொருத்தம் பார்க்கிற நாட்டில் இந்த அட்டை எந்தப் பக்கமிருந்து முதலில் கேட்கப்படும் என்பதுதான் என் பயம். கிரேக்க நாட்டில் ஒர்கோமெனோஸ் என்ற ஊரில் இதை ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறார்கள். ஊர் முழுக்கச் சோதித்து அவரவருக்கு முடிவைச் சொன்னார்கள். சில வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால், சுமப்பவர்கள் ஊரில் ஒதுக்கப்பட்டவர்களாக மாறியிருந்தார்கள். கல்யாணம் பேசும்போது மறைத்தவர்களும் உண்டு. அமெரிக்காவிலும் 1970களின் கட்டாயப் பரிசோதனைச் சட்டங்கள் நோயையும் சுமப்பதையும் குழப்பிக் கறுப்பின மக்களுக்கு வேலையிலும் காப்பீட்டிலும் தொல்லை கொடுத்தன. இங்கே ஒழிப்பு என்ற சொல் வேறு. மலேரியாவை ஒழிக்கலாம், கொசு இருக்கிறது. ரத்தத்தில் இருப்பதை ஒழிப்பது என்றால் யாரை?

மாணவி இப்போது ஒரு பள்ளியில் தமிழாசிரியை. சுமப்பவள், தம்பிக்குத் தெரிந்த அன்றே அவளுக்கும் தெரியும். பையன் பன்னிரண்டாம் வகுப்பு. போன மாதம் அவள் போன் செய்தாள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து அட்டையைக் கேட்டிருக்கிறார்கள்.

“குடுக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்ல மேடம். அவங்க கார்டை நான் கேக்கலாமா?”

“கேளு” என்றேன்.

கேட்டிருக்கிறாள். மாப்பிள்ளை இன்னும் பரிசோதனை செய்துகொள்ளவில்லையாம். நேரமில்லையாம். முகாம் அவர்கள் ஊரில் வெள்ளிக்கிழமை நடக்கிறது, நானே போய் நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அம்மா அந்த இரண்டு ஓ.பி. சீட்டுகளையும் எடுத்துக் கொடுத்து, மாப்பிள்ளையிடம் காட்டச் சொல்லியிருக்கிறார்.